எல்லையில் நிற்கிற வாகை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுக் காலை, எல்லை வாகையின் வேரடியில் சாய்த்து வைத்திருந்த பழக்கூடை தானாக அசைந்தது. யாரும் தொடவில்லை. நான் நாலடி தள்ளி நின்று காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். மர உச்சியில் ஒரு காற்று போனது. கூடையின் ஒரு பக்கம் விரல் அளவு உயர்ந்து, மறுபடி கீழே உட்கார்ந்தது. நாலைந்து பழம் உருண்டு விழுந்தன. எலியோ பாம்போ என்று குச்சியால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த காற்றுக்கும் கூடை எழுந்தது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ வேலை பார்க்கிற விடுதிச் சமையலறைத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். வழுக்காத செருப்பு வாங்கிக்கொண்டாயா? இரவு அடுப்பு வேலையையாவது வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்தார்களா?

இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. இது அவருக்குத் தெரியாது. பழத்தை ஏற்றிக்கொண்டு பல்பர் கொட்டகைக்குப் போயிருக்கிறார். தோல் உரித்து முடிக்க மத்தியானம் ஆகும். போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே நிற்பார். நிற்காவிட்டாலும் எனக்கு வாய் வராது. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பறிக்க வரும் அக்காமார் எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். காத்தடிச்சா காப்பிச் செடிகூடச் சலசலக்கும், இது சலசலக்காது என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பறிப்பேன். பேனா பிடித்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

கூடையை எடுத்துவிட்டு மண்ணைப் பார்த்தேன். மரத்துக்கு மேட்டுப் பக்கம், வேரை ஒட்டி ஒரு வெடிப்பு, பிறை மாதிரி வளைந்து போகிறது. மூன்று விரலை உள்ளே விட்டேன். காற்று வந்ததும் வெடிப்பு அகன்றது. காற்று போனதும் மூடிக்கொண்டு விரலை மெல்ல நெரித்தது. கையை இழுத்துக்கொண்டேன். சரிவில் நிற்கிற மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேர் கீழே தையல்காரம்மா வீட்டு ஓடு தெரிகிறது. நின்ற இடத்திலிருந்து ஒரு பழத்தை எறிந்தால் அந்த ஓட்டில் விழும்.

தையல்காரம்மா இப்போது தைப்பது மட்டும் இல்லை. பறிப்பு நாட்களில் பறிக்க வரும் அக்காமாரின் சின்னப் பிள்ளைகளை முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். மெஷினும் ஓடும், பிள்ளைகளும் ஓடும். வெட்டுத் துணியில் அவர்களுக்குப் பந்து சுற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் ஒன்பது பிள்ளைகள். எல்லாவற்றிலும் சின்னது இன்னும் தவழ்கிறது.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். எல்லை வாகை பூத்ததா, மிளகு சரம் பிடித்ததா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாய். மிளகு பிடித்தது உண்மை. வாகை பூத்தது என்று நான் எழுதியது பொய். அது செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கொன்றது நான்.

நீ வேலைக்குப் போன மறுவருஷம், காப்பி நாற்று விற்கிறவர் ஒருவர் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நிழல் எதுக்கு, வெயில் விழட்டும், ஒண்ணுக்கு ரெண்டா காய்க்கும் என்று சொன்னார். வெயில்ல நிக்கிறது உழைக்கிற செடி, நிழல்ல நிக்கிறது மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய மரம் எதையும் வெட்டக்கூடாது என்று குத்தகைச் சீட்டில் இருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு, வெட்டினாத்தானே தப்பு, அடியில ஒரு சுத்துப் பட்டையை உரிச்சு விடுங்க, அதுவா காயும், தானா செத்த மரத்துக்கு யாரு உங்களைக் கேட்பாங்க என்று சொல்லிக் கொடுத்தார். வெட்டிச் சாய்த்தால் கீழே இருக்கிற காப்பிச் செடிகள் நசுங்கும். உரித்துவிட்டால் மரம் நின்றபடியே காய்ந்து கிளை கிளையாக உதிரும். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது.

பதினோரு மரம். அத்தி, பலா, முருக்கு என்று பத்தை அப்பாவே உரித்தார். எல்லை வாகையில் மட்டும் நீ நட்ட மிளகுக்கொடி அடியிலிருந்து சுற்றி ஏறியிருந்தது. கொடியை அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. உங்கம்மா வந்து பார்த்தா என்னைத் தோலை உரிச்சிடுவா, உன் கை சின்னக் கை, கொடிக்குள்ள போகும் என்று சொல்லிக் கத்தியை என்னிடம் கொடுத்தார். நான் கொடியை இழை இழையாகத் தளர்த்தி, உள்ளே கையை விட்டு, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை எடுத்தேன். உள்மரம் ஈரமாக, சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு மிளகு இலைகூட வாடவில்லை. கெட்டிக்காரி என்றார் அப்பா. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது, அம்மா. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மற்ற பத்தும் காய்ந்து விழுந்து விறகாகிவிட்டன. வாகையும் இலை கொட்டியது. மொட்டைக் கிளைகளை அப்பா கவாத்து என்று சொல்லிக் கழித்துவிட்டார். ஆனால் உன் கொடி உச்சிவரை ஏறிக் குடை மாதிரி விரிந்துவிட்டது. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பச்சை மரம். தையல்காரம்மாவே பிள்ளைகளைத் தூக்கிக் காட்டி, நம்ம வீட்டுக்கு ஆண்டவன் பிடிச்ச குடை பாரு என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தக் குடைதான் இப்போது காற்றைப் பிடித்து மரத்தை இழுக்கிறது.

தோட்டத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நாற்றுக்காரர் சொன்னபடியே கிளை ஒடியக் காய்த்தது. அப்போது எழுதிய கடிதம் பொய் இல்லை. அந்தக் காய்ப்போடு செடிகளுக்குத் தெம்பு போய்விட்டது. நுனிகள் கருகின, இலை கொட்டியது. வெயில் பட்ட தண்டுகளில் வண்டு முட்டை வைத்து, புழு உள்ளே குடைந்துகொண்டே போனது. போன வருஷம் மட்டும் எழுபது செடிக்கு மேல் பிடுங்கி எரித்தோம். பிளந்து பார்த்தால் தண்டுக்குள் புல்லாங்குழல் மாதிரி ஓட்டை.

நீ இருந்தபோது சருகில் கால் கணுக்கால்வரை புதையும். ஒரு பிடி சருகை விலக்கினால் கீழே கறுப்பு மண், அதில் மண்புழு நெளியும். மழை பெய்தால் முதலில் மர இலையில் சத்தம் கேட்கும், பிறகுதான் மண்ணில் சொட்டும். இப்போது மழை நேராக மண்ணில் அறைகிறது. சேறு தெறித்துக் கீழ் இலையெல்லாம் சிவப்பாகிறது. மேல் மண் ஓடிப்போய்த் தரை சட்டி மாதிரி இறுகிவிட்டது. மழை நின்று நாலு நாள் ஆனாலும் ஊற்றுத் தண்ணீர் டீ நிறத்தில்தான் வருகிறது. துணி வைத்து வடிகட்டிக் குடிக்கிறோம். பொந்து மரம் போனதும் அதில் கூடு கட்டியிருந்த தேனீயும் போய்விட்டது. காலையில் பறவைச் சத்தத்துக்கு மேல் செய்தி கேட்க அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பாரே, இப்போது மெதுவாக வைத்தாலே வீடு முழுக்கக் கேட்கிறது.

ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரை அப்பா எப்படிக் கேலி செய்வார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் காப்பியா போடுறார், குரங்குக்கு விடுதி நடத்துறார் என்பார். அந்தத் தோட்டத்தில் பலாவும் அத்தியும் கலந்து இன்னும் நிற்கின்றன. பூச்சியைப் பறவை தின்கிறது, செடிக்கு மேலேயிருந்து விழுகிற இலையே எரு. அவருக்குக் காய் நம்முடையதைவிடக் குறைவாக இருந்தது முதல் வருஷம் மட்டும்தான். அப்பா இப்போது அந்தக் கேலியைச் சொல்வதில்லை. ஓடைப் பக்கம் பார்ப்பதும் இல்லை.

நேற்று மத்தியானம் அப்பாவைக் கூப்பிட்டு வெடிப்பைக் காட்டினேன். அவர் கொடியைத் தட்டிப் பார்த்து, பச்சையாத்தானே இருக்கு, உனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்றார். என்னைக் கூடை எடுக்க அனுப்பினார். நான் திரும்பிப் பார்த்தபோது மண்டியிட்டிருந்தார். அவர் கை மணிக்கட்டுவரை வெடிப்புக்குள் போயிருந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, பறிப்பு முடிய இன்னும் நாலு நாள்தான், முடிஞ்சதும் ஆள் கூட்டி வந்து கயிறு கட்டி இறக்கிடலாம், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, குத்தகை போச்சுன்னா நாம எங்க போறது என்று கேட்டார். அவர் என்னை அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்று காலை ரேடியோவில், சாயங்காலத்திலிருந்து மழையோடு பலத்த காற்று என்று சொன்னார்கள். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுப் பழச் சாக்குகளை ஏற்றக் கிளம்பிவிட்டார். பிள்ளைகளை இருட்டும் நேரத்தில்தான் அவர்களுடைய அம்மாக்கள் கூட்டிப் போவார்கள்.

நான் தையல்காரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாசலில் பிள்ளைகளின் செருப்பு வரிசையாக இருந்தது, சிலது என் உள்ளங்கை அளவு. அதைப் பார்த்ததும் சொல்லி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. வாடி கண்ணு, பாவாடை தைக்கவா, இப்பவாவது வந்தியே என்று அவர் அளவு நாடாவை எடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். உங்கம்மா தோளேதான், சதைதான் கொஞ்சம் குறைச்சல் என்று சிரித்தார். தவழ்கிற பிள்ளை வந்து என் காலைப் பிடித்துக்கொண்டது. முதுகு, இடுப்பு, நீளம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டார். துணி எங்கேடி என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பின்னால் மெஷின் ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். சொல்லாமல் வந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

என்னால் சொல்ல முடியாவிட்டால், பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரியாவது செய்யலாம் என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கும்போது தோன்றுகிறது. அந்த மரத்தை மூடியிருப்பது உன் கொடி ஒன்றுதான்.

அம்மா, அது நீ நட்டது. என்னை மன்னித்துவிடு.

உன் மகள்.

அம்மாவுக்கு மறுபடியும்,

மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். காப்பி காயப்போடுகிற களத்துக் கொட்டகையில், சாக்குமேல் உட்கார்ந்திருக்கிறேன். பால் வண்டிக்காரர் நாலு மணிக்கு வருவார். அவரிடம் கொடுத்தால் தபால் பெட்டியில் போட்டுவிடுவார்.

கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். மேட்டுப் பக்கம் கால் வைக்கப் பயமாக இருந்தது. வெடிப்பு நேற்றைவிட அகலமாகிவிட்டது. கொடியை முழங்கால் உயரத்தில் அறுத்து, பட்டை உரித்த வளையம் தெரிகிறவரை பிடித்து இழுத்தேன். துணி கிழிகிற சத்தத்தோடு வந்தது. உள்ளே நான் உரித்த இடம் கறுத்து, கரையான் மண் பூசிக் கிடந்தது. கத்தி நுனியை வைத்தேன், ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

சத்தம் கேட்டுப் பறிக்கிற அக்காமார் வந்தார்கள். கத்தி இறங்கிய இடத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, யாருடி பண்ணின வேலை இது என்று கேட்டாள். அதற்குள் அப்பாவும் பல்பரிலிருந்து வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் பேசமாட்டேன் என்று தெரியும், அதனால் மரத்தையே பார்த்துக்கொண்டு, நான்தான் பண்ணினேன், மரம் செத்து ரொம்ப நாள் ஆச்சு, கீழே பிள்ளைங்க இருக்கு, வெளியே கூட்டிட்டு வாங்க என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். இது வாயைத் திறந்து பேசுதுன்னா மரம் நிஜமாவே விழப்போவுதுடி என்று சொல்லிக்கொண்டே அந்த அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள்.

அப்பா ஓடவில்லை. என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டார். பிறகு அவர்களுக்குப் பின்னாலேயே போய், தையல்காரம்மா வாசலில் நின்று, அவ இல்லை, அவ கையில கத்தியைக் கொடுத்தவன் நான் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரம் இல்லை. தையல்காரம்மா மட்டும் அவரை ஏறிட்டுப் பார்த்து, காலையில இந்தப் பொண்ணு துணி இல்லாம ஏன் வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது என்றார்.

ஒன்பது பிள்ளைகளும் தையல்காரம்மாவும் இப்போது இந்தக் கொட்டகையில் இருக்கிறார்கள். நான் இரண்டு முறை எண்ணினேன். தவழ்கிறது என் பக்கத்தில் சாக்கைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் கயிறோடு வந்து பார்த்தார். அடிவேர் அற்றுப்போச்சு, இதுல இனி யாரும் ஏற முடியாது, கயிறு கட்டப் போனாலே சாஞ்சிடும், காத்து எப்பத் தள்ளுதோ அப்ப விழட்டும், அதுவரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் ஒரு குஞ்சுகூடப் போகக் கூடாது என்று சொன்னார். அப்பா அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நிலத்துக்காரருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. நாளைக்கு வருவாராம். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. குத்தகை இருக்குமா, இந்த வீட்டில் இருப்போமா, எதுவும் தெரியாது.

காற்று ஆரம்பித்துவிட்டது. கொட்டகைத் தகரம் அடித்துக்கொள்கிறது. இங்கிருந்து வாகை தெரிகிறது. அறுத்த கொடி அதன்மேல் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. ஒவ்வொரு தடவை ஆடும்போதும் பிள்ளைகளை மறுபடி எண்ணுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா போன் செய்தால் எடு. அவர் என்ன சொன்னாலும் முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டு. எனக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போடு, ஒரு வரி இருந்தாலும் போதும். லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. அங்கே உனக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும். முழங்காலைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று இந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கிற தகரத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
மகள்.

பின்குறிப்பு: தையல்காரம்மா, மெஷினை மட்டும் வீட்டிலேருந்து எடுத்துட்டு வந்துடுறேன், அது போனா எனக்குச் சோறு இல்லை என்று எழுந்துவிட்டார். அப்பா கூப்பிட்டும் தையல்காரம்மா நிற்கவில்லை. பேனாவை மூடிவிட்டு ஓடிப்போய்க் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நிற்கப் போகிறேன்.